நிச்சயத்துக்குக் கொடுத்த போன்

எழில்மதியிடம் பழுதான போனைக் கொடுத்தால் அவள் முதலில் கேட்பது, "உள்ள போய்ப் பாக்கலாமா?" என்றுதான். சங்கராபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி எட்டடி அகலத்தில் இருக்கிறது அவளுடைய கடை. புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாகத்தான் இருக்கும். ரிப்பேருக்குக் கொடுத்த பிறகு பார்க்காமல் எப்படி? அவளோ விடமாட்டாள். பேட்டரி கோளாறு என்றால் பேட்டரி பக்கம் மட்டும் திறப்பாள். திரை உடைந்திருந்தால் பாஸ்வேர்டே வாங்க மாட்டாள்.

வடக்கனந்தலில் கூலி வேலைக்குப் போகும் சின்னக்கண்ணு, இருசம்மாள் தம்பதியின் மூத்த மகள் அவள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போன் தயாரிக்கும் ஆலை ஒன்றில் நான்கு வருஷம் கேமரா பொருத்தினாள். ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் கேமரா. அந்த வேலை அலுத்ததே தவிர, போன் என்ற பொருள் அவளுக்கு அலுக்கவே இல்லை. ஊர் திரும்பிக் கடை போட்டாள். புதுப்போன் எது வந்தாலும் அதைப் பிரித்துப் பார்க்கத் துடிப்பாளே ஒழிய, வாங்க மாட்டாள். அவள் கையில் இருப்பது ஐந்து வருஷத்துப் பழைய போன்; அதில் இரண்டு பாகங்களைத் தவிர எல்லாம் அவள் மாற்றியவை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை அடைத்திருக்கும். அப்போது அவள் 'கோமுகி' என்ற பெயரில் போனில் ஒரு ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இருப்பாள். கூட ஆடும் மூன்று பேரில் ஒருத்தி தூத்துக்குடிக்காரி, மற்ற இருவர் கோயம்புத்தூர். ஆரம்பத்தில் அவள் மைக்கைப் போட்டுக்கொண்டு பேசித்தான் ஆடினாள். பெண் குரல் கேட்டதும் எதிரணியில் ஒருவன் அவளுடைய பெயரைக் கொண்டே எங்கெங்கோ தேடி, நம்பரைக் கண்டுபிடித்து மூன்று வாரம் விடாமல் கூப்பிட்டான். "அந்தச் சனியன விட்டுத் தொலை" என்றாள் இருசம்மாள். எழில்மதி நம்பரை மாற்றினாள். எந்தக் கணக்கு எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எந்தச் செயலி எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று ஒவ்வொரு செட்டிங்காக உட்கார்ந்து படித்தாள். விளையாட்டை மட்டும் விடவில்லை. "அவன் பண்ண தப்புக்கு நான் எதுக்கும்மா எழுந்து போவணும்?" என்றாள்.

அந்தப் படிப்புதான் பின்னால் சந்தியாவுக்கு உதவியது.

சந்தியா பக்கத்து ஊர் விவசாயி கொளஞ்சியப்பனின் மகள். கரும்பும் மரவள்ளியும் போடும் வசதியான குடும்பம். சங்கராபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். போன வருஷம் ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை காலையில் அவள் புத்தம்புதுப் போன் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"வாங்கி ரெண்டு மாசம்கூட ஆவலக்கா. மதியத்துக்குள்ள சார்ஜ் போயிடுது. சும்மா வெச்சிருந்தாலும் சுடுது."

"எங்க வாங்கினீங்க டீச்சர்?"

"நிச்சயத்துக்கு அவரு குடுத்தது." சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. அவர் என்பது எலவனாசூர்கோட்டையில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கும் அறிவுச்செல்வன். ஆவணியில் கல்யாணம்.

பேட்டரி விவரத்தைப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, எழில்மதி ஒரு டோக்கனைக் கிழித்துக் கொடுத்தாள். சந்தியா சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

பேட்டரியைத் தின்பது எது என்று பார்க்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. செட்டிங்ஸ் போலப் பல்சக்கரப் படம் போட்டு, போனோடு பிறந்தது போன்ற ஒரு பெயரில் ஒரு செயலி பட்டியலின் உச்சியில் இருந்தது. முகப்பில் அதைக் காணோம். இருக்கும் இடம், மைக், பேசிய அழைப்புகள், வந்த செய்திகள் எல்லாவற்றுக்கும் அதற்கு அனுமதி இருந்தது. வேவு பார்க்கும் செயலி என்று எழில்மதிக்குப் புரிந்துவிட்டது. போனை அப்படியே மேசையில் வைத்தாள். யார் போட்டது? சந்தியாவாகவே தெரியாமல் எதையாவது அழுத்தியிருப்பாளா? கொடுத்தவர்தான் என்று எதை வைத்துச் சொல்வது?

பன்னிரண்டரை மணிக்கு ஒரு வெள்ளைக் கார் சந்து முனையில் வந்து நின்றது. சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவன் இறங்கி வந்தான்.

"சந்தியா எங்க?"

"எந்த சந்தியா சார்?"

"டீச்சரு. காலையில இருந்து இங்கதான இருக்கா? நாலு மணி நேரமா இன்னா பண்ணிக்கினு இருக்கா இந்தக் கடையில?"

எழில்மதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அவங்க இங்க இருக்காங்கன்னு உங்களுக்கு யாரு சார் சொன்னாங்க?"

அவன் பார்வை மேசைக்குப் போயிற்று. அங்கே போன் இருந்தது; சந்தியா இல்லை. ஒரு நொடியில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அந்தப் போன இப்படிக் குடு. நான் வாங்கிக் குடுத்தது அது."

"டோக்கன் இருக்குதா சார்?"

"யாருகிட்டப் பேசறன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியல சார். டோக்கன் யாரு கையில இருக்குதோ அவங்களுக்குத்தான் போன். எங்க அப்பாவே வந்து கேட்டாலும் இதான்."

ஜெராக்ஸ் கடைப் பூமாலை அக்கா எட்டிப் பார்த்தாள். ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் காரில் ஏறினான்.

சாயங்காலம் சந்தியா வந்தபோது எழில்மதி ஒன்றும் பேசாமல் ஒரு பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்: 'பேசாதீங்க. போன ஆஃப் பண்றேன்.' அணைத்த பிறகு நடந்ததைச் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மதியம் வந்தவனைப் பற்றிச் சொன்னபோது சந்தியா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கோயிலுக்குப் போயிருந்தா, 'இன்னா, சாமி இன்னா சொல்லிச்சு'ன்னு கேப்பாரு. ஃபிரண்டு வூட்டுல இருந்தா, 'பேசி முடிச்சாச்சா'ம்பாரு. எப்படித் தெரியும்னு கேட்டா, 'மனசு சொல்லுது'ம்பாரு." அவள் குரல் தேய்ந்தது. "நான் அத எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கினு இருந்தன்கா."

எழில்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத எடுத்துடுங்கக்கா" என்றாள் சந்தியா.

"எடுத்துடலாம் டீச்சர். ஆனா எடுத்த உடனே அவருக்குத் தெரிஞ்சிடும். அதுக்கு முன்னாடி வூட்டுல யாருகிட்டயாவது சொல்லுங்க. தனியா மாட்டிக்காதீங்க. நீங்க சரின்னா, இருக்கறத எல்லாம் போட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டுத் தரேன். கல்யாணம் பண்றதும் பண்ணாததும் உங்க இஷ்டம். அதுல நான் வாயத் தெறக்க மாட்டேன்."

சந்தியா சரி என்றதும், எழில்மதி போனை ஒரு நிமிஷம் மட்டும் போட்டு, திரையில் இருந்ததைப் படமெடுத்துப் பிரிண்ட் போட்டுவிட்டு, மறுபடி அணைத்தாள். சந்தியா காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அணைத்த போனைக் கடையிலேயே விட்டுப் போனாள்.

திங்கள்கிழமை கொளஞ்சியப்பனே கடைக்கு வந்தார். அவரைப் போன்றவர்களின் கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்குப் போகிறவர்தான் எழில்மதியின் அப்பா. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா" என்றார் அவர். "பொண்ணு சொல்லிச்சு. கட்டிக்கப் போறவன்தான, எங்க போறா வராள்னு தெரிஞ்சிக்கிட்டா இன்னான்னு நான்கூடக் கேட்டேன். அந்தப் பேப்பர்ல மைக்குன்னு ஒன்னு போட்டிருக்குதே, அது இன்னா?"

"போன் பக்கத்துல பேசறது அவருக்குக் கேக்கலாங்க."

"எங்க வூட்டுல பேசறதா? நானும் என் சம்சாரமும் பேசனதா?"

"போன் கூடத்துல இருந்திருந்தா, கேட்டிருக்கலாங்க."

அவர் முகம் கறுத்தது. பங்காளிகளோடு உள்ள நிலத் தகராறு, மனைவியின் ஆபரேஷன், அறிவுச்செல்வனின் குடும்பத்தைப் பற்றியே பேசிய பேச்சு எல்லாம் அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "திருட்டுப் பய" என்று மேசையில் குத்தினார்.

எழில்மதியால் சும்மா இருக்க முடியவில்லை. "உங்க பேச்சு போச்சுன்னதும் கோவம் வருதுங்களே. டீச்சர் பேச்சு போனப்ப வரலீங்களா?"

சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. பெரியவர் தரையைப் பார்த்தபடி "நியாயந்தாம்மா" என்று எழுந்தார். அந்த வாரமே நிச்சயத்தை முறித்துச் சொல்லியனுப்பினார்கள். கடையில் இருந்த போனையும் வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அறிவுச்செல்வனின் ஆட்கள் சும்மா விடவில்லை. 'அந்தக் கடைக்காரி பொம்பளைங்க போனைத் தோண்டிப் பார்க்கிறாள்' என்று ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பினார்கள். மூன்று வாரம் கடையில் ஈ ஓட்டினாள் எழில்மதி. எதை வாழ்நாளெல்லாம் செய்யாமல் காத்தாளோ, அதையே செய்தாள் என்று சொன்னது அவளை உள்ளே அறுத்தது. அழுதாள். அழுது முடித்து, வீட்டில் கிடந்த பழைய டிவியைக் கடைக்குக் கொண்டுவந்தாள். மேசைக்கு மேலே ஒரு கேமராவைத் தொங்கவிட்டு, அதை டிவியோடு இணைத்தாள். அவள் விரல் எந்தத் திருகைத் தொடுகிறது, எந்தப் பக்கத்தைத் திறக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் முழுதாகப் பார்க்கலாம். அந்தக் கேமராவில் எதுவும் பதிவாகாது. வந்தவர்களிடம் அதையும் திறந்து காட்டினாள். பூமாலை அக்காதான் முதலில் உட்கார்ந்து பார்த்தாள். "தையல் கடையில நம்ம துணிய வெட்டறதப் பாக்கற மாதிரி இருக்குதுடி" என்று சந்து முழுக்கச் சொன்னாள். மெல்ல மெல்லக் கூட்டம் திரும்பியது. 'போன் சுடுது' என்று காரணம் சொல்லிக்கொண்டு வரும் பெண்கள் ஜாஸ்தியானார்கள்.

சந்தியாவின் தோழி இலக்கியா கல்வராயன் மலையில் ஒரு மாணவியர் விடுதியில் காப்பாளர். இந்தத் தை மாதம் அவள் கூப்பிட்டு, எழில்மதி வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிப் போனாள். நாற்பது பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடைப் பேச்சு அவளுக்கு வராது. "கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்" என்றாள்.

"கேம் ஆடலாமாக்கா?" என்றது ஒரு குரல்.

"தாராளமா ஆடு. நான் ஆடறேன். ஆனா போன்ல ஏத்தறதுக்கு முன்னாடி அது இன்னா கேக்குதுன்னு படி. பாம்பு விளையாட்டுக்கு உங்க மாமா நம்பரு எதுக்கு?"

சிரிப்பு அடங்கியதும், ஓரமாக இருந்த பெண் எழுந்தாள். "தப்பு பண்ணாதவங்க எதுக்குக்கா மறைக்கணும்?"

எழில்மதி அவளைப் பார்த்துக் கேட்டாள். "நேத்து உனக்கு இன்னா கனா வந்திச்சுன்னு இங்க எல்லாருக்கும் சொல்லுவியா?"

அந்தப் பெண் வெட்கப்பட்டு, மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"தப்பான கனாவா?"

"இல்லக்கா. ஆனா அது என் கனா."

"அவ்ளோதான்" என்றாள் எழில்மதி.