மை உள்ள ஒரே விரல்

அமீரகத்தின் புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவே எங்கள் சாப்பாட்டு அறை இருக்கிறது. எனக்கு எதிரே உட்கார்ந்து மதியச் சோறு தின்றுகொண்டிருந்த பிலிப்பைன்ஸ்காரன் ரோடெல், வலது கையில் கரண்டியும் இடது கையில் போனுமாக நாலைந்து இடத்தில் தட்டினான். "ஃபினிஷ்" என்று சொல்லிவிட்டு மறுபடி மீனுக்குத் திரும்பினான். என்னடா ஃபினிஷ் என்று கேட்டால், அவன் நாட்டுத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டானாம்! வெளிநாட்டில் இருக்கும் அவர்களுக்கு அப்படி ஒரு வசதி வந்திருக்கிறது. அட பாவி, உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் ஒருத்தன் ஓட்டுப் போடலாமா? எனக்கு ஒரு பக்கம் பொறாமை, இன்னொரு பக்கம் சிரிப்பு.

"யூ? ஹவ் வோட்?" என்று கேட்டான். "பிளேன்" என்றேன். "கவர்மென்ட் கிவ் டிக்கெட்?" "மாஃபி" என்றேன், இல்லை என்பதற்கு இங்கே எல்லாருக்கும் தெரிந்த அரபி. "மை மணி." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "மை ஃபிரெண்ட், யூ கேண்டிடேட்?" சொந்தக் காசில் விமானம் ஏறிப் போய் ஓட்டுப் போடுகிறவன் வேட்பாளராகத்தான் இருக்க வேண்டும் என்று அவன் நினைத்ததில் தப்பே இல்லை. நான் சாதாரண பைப் ஃபிட்டர், இல்லவே இல்லை என்று தலையாட்டினேன். நம்பினானோ என்னவோ, அன்றைக்கு எனக்கு டீ அவன்தான் வாங்கிக் கொடுத்தான்.

ஊரில் இருப்பவர்களுக்கும் இது வேடிக்கையாகத்தான் தோன்றும். எங்கள் ஊர் மானாமதுரைப் பக்கம். வீட்டில் மூன்று ஓட்டு. தம்பி முத்து ராணுவத்தில் இருக்கிறான், பனிமலையில் எங்கேயோ காவல். வாக்குச்சீட்டு அவன் இருக்கிற இடத்துக்கே போகும். பதிவு செய்து தபாலில் அனுப்பிவிடுவான். என் மனைவி செல்வி அரசுப் பள்ளி ஆசிரியை. தேர்தல் வந்தால் வேறு தொகுதியில் பூத் டூட்டி விழும், அதனால் அவளுக்கும் தபால் ஓட்டு. வளைகுடாவில் இருக்கும் எனக்கு மட்டும் தபால் கிடையாது. வெளிநாட்டு வாக்காளர் என்று தனியாகப் பெயர் பதியலாம், ஆனால் ஓட்டுப் போட நேரில் வந்து ஊர் வாக்குச்சாவடியில்தான் நிற்க வேண்டும். முத்துவுக்குக் கிடைப்பதில் எனக்கு வருத்தமில்லை, பெருமைதான். நமக்கும் ஒரு தபால் வந்தால் என்ன குறைந்தா போகும் என்ற ஆதங்கம் மட்டும் உண்டு.

நான் அப்படிப் பதிந்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பட்டியல் சரிபார்க்க வந்தவரிடம் செல்வி, "அவரு இங்க இல்லைங்க, துபாய்ப் பக்கம்" என்று உள்ளதைச் சொல்ல, என் பெயரை எடுத்துவிட்டார்கள். விதிப்படி சரிதான். ஆனால் போனில் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. வீடு கட்டியது நான், வீட்டு வரி கட்டுவது நான், கோயில் திருவிழாவுக்கு வரி கொடுப்பது நான், பெயர் மட்டும் இல்லையா? "உண்மையத்தானங்க சொன்னேன்" என்றாள் அழாக்குறையாக. இதையும் விட்டுவிட்டால் நான் வெறும் பணம் அனுப்புகிற ஆள்தான் என்று எனக்கே தோன்றிவிடும். அடுத்த தேர்தலுக்கு ஊரில் நிற்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

தேர்தல் வந்ததும் லீவு கேட்டேன். எகிப்துக்கார மேலாளர், "கல்யாணமா, சாவா?" என்றார். எங்களுக்கு அவசர லீவு அந்த இரண்டுக்குத்தான். "எலெக்‌ஷன்" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "யல்லா, ரோஹ்", சரி கிளம்பு என்று கையெழுத்துப் போட்டார்.

வளைகுடாக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. இங்கே பலருக்குப் பாஸ்போர்ட் கையிலேயே இருக்காது, அது ஆபீஸ் பெட்டியில் தூங்கும். நாங்கள் அடையாள அட்டையோடு சுற்றுவோம். லீவில் ஊருக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் பாஸ்போர்ட்டை மனைவி கையில் கொடுத்துவிடுவோம், அவள் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். தொலைந்தால் பிழைப்பு போச்சே! தேர்தல் அன்று நானும் வெள்ளை வேட்டி கட்டி, ஆதார் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மிடுக்காக வரிசையில் நின்றேன். அதிகாரி பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "நீங்க வெளிநாட்டு வாக்காளர் சார். ஒரிஜினல் பாஸ்போர்ட் வேணும், இது செல்லாது." பதியும்போதே படித்ததுதான்! தலையில் அடித்துக்கொண்டேன். பீரோச் சாவி செல்வியின் இடுப்பில். செல்வியோ முந்தின நாளே காளையார்கோவில் பக்கத்து பூத்துக்குப் போய்விட்டாள். போனும் அணைந்து கிடந்தது.

பக்கத்து வீட்டு பைக்கை வாங்கிக்கொண்டு பறந்தேன். அந்தப் பள்ளிக்கூட வாசலில் போலீஸ்காரர் மறித்தார். "உங்க ஓட்டு இங்கயா?" "இல்ல சார். என் சம்சாரம் உள்ள மை வைக்கிறாங்க. பீரோச் சாவி வேணும்." அவர் முகம் கடுகடுத்தது. "குடும்பச் சண்டையெல்லாம் நாளைக்கு வச்சுக்கங்க. எலெக்‌ஷன் நேரத்துல நகை எடுக்க வந்துட்டாரு!" ஐயோ சாமி, சண்டையும் இல்லை நகையும் இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் உள்ளே சொல்லி அனுப்பினார். திட்டு விழப்போகிறது என்று நினைத்து நின்றேன். செல்வி வந்தாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி என் கையில் வைத்து அழுத்தினாள். "நான் சொல்லித்தான உங்க பேர எடுத்தாங்க. இன்னைக்கு ஓட்டுப் போடாம மட்டும் வந்துறாதீங்க. பாத்துப் போங்க." பைக்கைக் கிளப்பிய பிறகு, "பட்டுச்சேலைக்கு அடியில இருக்கு!" என்று கத்தினாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாக்குப்பதிவு முடியப்போகிற நேரத்தில் மறுபடி போய் நின்றேன். அதிகாரி பாஸ்போர்ட்டை விரித்து, படத்தையும் என் முகத்தையும் பார்த்தார். அப்பா பெயரையும் சேர்த்து என் பெயரைச் சத்தமாக வாசித்தார். சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாக் கட்சி ஏஜென்டுகளும், "ஆமா, நம்மூரு ஆளுதான்" என்றார்கள். சண்டை போட்டுக்கொள்ளும் கட்சிக்காரர்கள் ஒரே வாயாகச் சொன்ன ஒன்று அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்? இடது ஆட்காட்டி விரலில் மை குளிர்ந்தது.

மறுநாள் காலை செல்வி வந்ததும் முதலில் என் விரலைத்தான் பிடித்துப் பார்த்தாள். "நேத்து முழுக்க ஊருக்கே மை வச்சேன். என் விரலப் பாருங்க, சும்மா இருக்கு" என்று சிரித்தாள். தபால் ஓட்டுக்கு மை கிடையாதே. வீடியோவில் வந்த முத்துவும் விரலை நீட்டினான். "எனக்கும் இல்லண்ணே. நம்ம வீட்டுலயே நீ ஒருத்தன்தான்!" பட்டியலில் இல்லாமல் போனவன் விரலில்தான் வீட்டுக்கே ஒரு மை. அன்று மாலை அதோடு விமானம் ஏறினேன், ராஜா மாதிரி.

புஜைராவில் கேட்டில் நின்ற நேபாளிக் காவலாளி விரலைப் பார்த்துவிட்டு, "பெயிண்ட்?" என்று தின்னர் பாட்டிலை எடுத்தார். "ரெஹ்னே தோ பாய்", இருக்கட்டும் என்று தடுத்து, வலது கை விரலை மெஷினில் பதித்து டூட்டி ஏறினேன். இடது கையை அன்று பூராவும் பாக்கெட்டில் விடவே இல்லை. நகம் வளர வளர மையும் மேலே ஏறிக்கொண்டு வந்தது. ஒரு லீவு நாளில் கேம்ப் வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டும்போது, கடைசித் துணுக்கு மணலில் விழுந்தது.

"மை போச்சு செல்வி" என்று போனில் சொன்னேன்.

"போகட்டும், அடுத்த தேர்தலுக்கு வந்து வச்சுக்கங்க" என்றாள். பிறகு சொன்னாள்: "இன்னைக்குப் பட்டியல் பாக்க வந்திருந்தாங்க. வீட்டு நம்பர்ல உங்க பேரு இல்லையேன்னு கேட்டாங்க. கடைசிப் பக்கத்தத் திருப்புங்க, அங்க இருக்காருன்னு சொன்னேன்."