வழுக்குப் பாறையில் கல்மனிதர்கள்

குழாய் வாயில் அடைத்துக்கொண்ட சரளைக் கல்லை ஓட்டிலியா விரலை விட்டு நோண்டி எடுத்தாள். கையுறை போட்டுக்கொண்டு இந்த வேலை நடக்காது. வெறுங்கையால் செய்தால் விரல் மரத்துப்போகும். அவள் வெறுங்கையால்தான் செய்வாள். மலையேறுகிறவர்கள் தங்கும் குடிலுக்குப் பின்னால் பனி உருகித் தேங்கும் குட்டையிலிருந்து சமையலறைக்குப் போகிற கறுப்புக் குழாய் அது. குளிர் கூடினால் உறையும், வெயில் ஏறினால் சரளை வந்து அடைக்கும். உதவிக்கு இருக்கும் லடீனா, "நான் போறேனே" என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டாள். ஓட்டிலியா விட்டுக்கொடுக்க மாட்டாள். அங்கிருந்து பார்த்தால் எந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் தெரியும்.

குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அவள் நிமிர்ந்தாள். கீழே வழுக்குப் பாறை முழுக்கக் கல்மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

கல்மேல் கல்லாக முழங்கால் உயரத்துக்கு அடுக்கி நிறுத்தினால் அந்த மலைக்காரர்களுக்கு அது கல்மனிதன். வழி இங்கேதான் என்று சொல்கிறவன். பாதை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவனை நம்பித்தான் அடுத்த காலை எடுத்து வைப்பார்கள். ஆனால் கோடை வந்தால் பள்ளத்தாக்கிலிருந்து பொழுதுபோக்க ஏறி வருகிற கூட்டம், போட்டோவுக்கு அழகாக இருக்கும் என்று கண்ட இடத்தில் கண்டபடி அடுக்கிவிட்டுப் போகும். அப்படிப் பொய் சொல்கிற கல்மனிதனைப் பார்த்தால் பார்த்த இடத்திலேயே உதைத்துத் தள்ளிவிட வேண்டும். குடில் நடத்துகிற எவரும் இதை யோசித்துச் செய்வதில்லை, வாசலில் கிடக்கும் குப்பையைக் கூட்டித் தள்ளுகிற மாதிரிதான்.

"பொழைப்பில்லாதவங்க" என்று முனகிக்கொண்டே அவள் பாறையில் இறங்கினாள். ஒன்று விடாமல் உதைத்தாள். கற்கள் கடகடவென்று உருண்டு போகிற சத்தம் அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. காலையிலிருந்தே கால் தரையில் நிற்கவில்லை. அன்று நகரத்திலிருந்து கமிட்டித் தலைவி ரெகூலா வருகிறாள்.

ஓட்டிலியா ஹென்சென் அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவள். பால் பண்ணைக் கடையில் சீஸ் வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், மஞ்சள் பேருந்து ஓட்டுகிற ஆல்பினைக் கட்டிக்கொண்டாள், ஒரு மகளைப் பெற்று வளர்த்தாள். குடிலை நடத்திவந்த கிழவருக்கு முதுகு போனபோது, ஒரு கோடைக்கு மட்டும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி மேலே வந்தவள். அந்த ஒரு கோடை முடியவே இல்லை. முதல் வாரத்தில், விடியுமுன் கிளம்புகிறவர்களின் பாட்டில்களுக்கு ஊற்றும் டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைக் கொட்டி, ஒரு கூட்டத்தையே சிகரத்தின் பாதியில் துப்ப வைத்தாள். அதே ஆட்கள் அடுத்த வருஷமும் வந்தார்கள், உப்பு டீ கேட்டுக்கொண்டே. இப்போது வாசலில் கழற்றி வைத்த பூட்ஸைப் பார்த்தே, இவன் சிகரத்துக்குப் போகிறவன், இவன் மனைவிக்குப் பயந்து போகிறவன் என்று சொல்லிவிடுவாள். பெரிய சிகரத்தில் மட்டும் அவள் ஏறினதே கிடையாது. "கக்கூஸ் ஜன்னல்லேர்ந்தே நல்லாத் தெரியுதே, எதுக்கு ஏறணும்?" என்பாள். ஆல்பினுக்கு உயரம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பாதி வழிவரை வந்து, மாற்றுத் துணியைக் கொடுத்து, அழுக்குத் துணியை வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்கத் திரும்பிவிடுவான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பனியாறு உருகித் தாழும் வரை. முன்பெல்லாம் அக்கரைக் குடிலிலிருந்து கிளம்பினால் பனியாற்றைக் குறுக்கே கடந்து, குட்டி ஏணி ஒன்றில் ஏறி, ஓட்டிலியாவின் வாசலுக்கு வந்து சேரலாம். பனி இறங்க இறங்க ஏணியை நீட்டினார்கள். பிறகு நீட்டவும் வழியில்லாமல் ஏணி அந்தரத்தில் தொங்கியது. அந்தப் பக்கம் கல் விழவும் ஆரம்பித்தது. அக்கரையிலிருந்து ஆட்கள் வருவது நின்றது. வழி இல்லாத குடில் எதற்கு, பூட்டிவிடலாம் என்று குடிலைச் சொந்தமாக வைத்திருந்த மலையேற்றச் சங்கத்தின் கமிட்டி நகரத்தில் பேச ஆரம்பித்தது.

ஓட்டிலியாவின் தம்பி தெயோதுல் மலை வழிகாட்டி. பேச்சு குறைவு. கோடை முழுக்க வாடிக்கையாளர் இல்லாத நாளெல்லாம் கயிறும் கையுமாக அலைந்து, கல்மேட்டைச் சுற்றி, பாறை இடுக்கு வழியாக ஒரு புது வழி கண்டுபிடித்தான். கமிட்டித் தலைவி ரெகூலா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வழிகாட்டி இல்லாமல், வெறும் கல்மனிதர்களைப் பார்த்தே அக்கரைக் குடிலிலிருந்து தானும் இன்னும் மூன்று பேரும் வந்து சேர்ந்தால் குடில் திறந்திருக்கும். வழி தவறினால் பூட்டு. அன்றைக்கு எந்த வழிகாட்டியும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

அந்த நாள்தான் அன்றைக்கு.

ஆப்ரிகாட் பழக் கேக் அடுப்பில் மணக்கத் தொடங்கிய நேரத்தில், பள்ளத்தாக்குப் பாதை வழியாக வந்து சேர்ந்தான் தெயோதுல். பூட்ஸைக் கழற்றி, குடில் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவன் முகத்தில் என்றைக்கும் இல்லாத சிரிப்பு.

"என்னக்கா, பாத்தியா நம்ம ஆளுங்கள?"

"எந்த ஆளுங்க?"

"பாறையில நிக்கறாங்களே. நேத்து வெளிச்சம் இருக்கறவரைக்கும் அடுக்கிட்டுத்தான் கீழ எறங்கினேன்."

ஓட்டிலியாவின் கையிலிருந்த மாவுக்கரண்டி அப்படியே நின்றது. "வழி இடது பக்கச் சந்துல வருதுன்னுதானே நீ சொன்ன?"

"சந்துல கல்லு சரிஞ்சுபோச்சுக்கா. அதான் கடைசித் துண்டைப் பாறைமேல மாத்தினேன். போன் போட்டேன், நீ எடுக்கல."

போன் எடுக்க விறகுக் கொட்டகை மூலைக்குப் போக வேண்டும். அங்கே மட்டும்தான் சிக்னல். நேற்றெல்லாம் அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

"தெயோதுல்" என்றாள். "அத நான் ஒதைச்சிட்டேன்."

"எத?"

"எல்லாத்தையும்."

அவன் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தான். பாறை வழித்தெடுத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

"நல்லாக் கால்பந்து ஆடியிருக்க" என்றாள் லடீனா, பாத்திரம் தேய்த்துக்கொண்டே. "ஒண்ணுகூட மிச்சமில்ல."

"வாய மூடு லடீனா. இப்ப எங்க இருப்பாங்க?"

"இடுக்கத் தாண்டியிருப்பாங்க" என்றான் தெயோதுல். "நான் போனா ஆட்டம் முடிஞ்சுது. என் நிழல்கூட அந்தப் பாறையில விழக்கூடாதுன்னு அந்தம்மா சொல்லியிருக்கு."

"நான் வழிகாட்டி இல்லையே" என்றாள் ஓட்டிலியா. ஏப்ரனை அவிழ்த்து எறிந்தாள். "நான் சமையக்காரி. நீ மேல நின்னு சொல்லு, நான் அடுக்கறேன்."

"கத்தினா அவங்களுக்கும் கேக்குமே."

"கத்தாத. ஆட்டு." படுக்கையறையிலிருந்து ஒரு சாம்பல்நிறக் கம்பளியை உருவி அவன் மேல் வீசினாள். "இடதுன்னா இடது பக்கம் ஆட்டு. வலதுன்னா வலது. போதும்னா மடிச்சுக்கோ."

அப்படித்தான் நடந்தது. தெயோதுல் குட்டைக் கரையில் நின்று கம்பளியை இடமும் வலமுமாக வீச, அவன் அக்கா பழைய செருப்பும் சாம்பல்நிறச் சட்டையுமாக வழுக்குப் பாறையில் தவழ்ந்தாள். பனியாறு எத்தனையோ காலம் தேய்த்து வழுவழுப்பாக்கிவிட்டுப் போன பாறை. ஈரம் பட்டால் சோப்பு. உருண்டு போன கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தாள். பெரியது அடியில், அதன்மேல் சப்பையானது, உச்சியில் ஒரு கூர்மூக்கு. முதல் கல்மனிதன் சரிந்தான். திட்டிக்கொண்டே மறுபடி நிறுத்தினாள். இரண்டாவது நின்றது. மூன்றாவதில் கைக்குத் தந்திரம் பிடிபட்டுவிட்டது. கம்பளி மடங்கினால் ஓடினாள், விரிந்தால் நின்றாள். முழங்கால் உரிந்தது தெரியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, பயத்தால் மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டு நாளில் ஓடினபோது அப்படி அடித்தது. அதற்குப் பிறகு இதுவரை அடித்ததில்லை.

பாறையின் கீழ்முனை வந்தபோது மேகம் ஏறி வந்தது. பள்ளத்தாக்கிலிருந்து பால் பொங்குகிற மாதிரி வந்து முதலில் குட்டையை மூடியது, அப்புறம் கம்பளியை, அப்புறம் தெயோதுலை. இன்னும் ஒன்று பாக்கி. அதுதான் முக்கியமான ஒன்று. அங்கேதான் வழி பிரியும். இடது பக்கம் பாறையேறினால் குடில். வலது பக்கம் அகலமாக, பார்க்க நல்ல நடைபாதை மாதிரி போய், பழைய ஏணி தொங்குகிற விளிம்பில் முடியும். அடியில் பனி கரைந்து வெறும் கூடாகத் தொங்குகிற விளிம்பு.

அவள் கையில் ஒரு கல் மட்டும் இருந்தது. சுற்றிலும் வேறு கல்லே இல்லை. எல்லாம் காலையில் அவள் உதைத்ததில் வலது பக்கச் சரிவோடு போயிருந்தது.

"இங்கிட்டா, அங்கிட்டா?" என்று பனிமூட்டத்துக்குள் ஓர் ஆண் குரல். கிட்டத்தில்தான்.

"வலது பக்கம் நல்லாயிருக்கு பாரு" என்றது இன்னொரு குரல்.

ஓட்டிலியா வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் குடில் போயிற்று. கூப்பிடாவிட்டால் நாலு பேர் போய்விடுவார்கள். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் அவள் குரல் எழுப்புவதற்குள் ரெகூலாவின் குரல் முந்திக்கொண்டது.

"இருங்க. அதோ ஒண்ணு நிக்குது. இடது பக்கம்."

"ரொம்பப் பெருசா இருக்கே?"

"முக்கியமான இடம்னா பெருசாத்தான் வைப்பாங்க. வாங்க."

காலடிகள் அவளை நோக்கித் திரும்பின. கையில் கல்லோடு, சாம்பல்நிறச் சட்டையில் அவள் அசையாமல் நின்றாள். அப்படியே நின்றுவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் வந்து தொட்டுப் பார்க்கிறவரைக்கும் நின்றுவிட்டால்? அப்புறம் வெட்கமாகப் போய்விட்டது.

"வாங்க" என்றாள். "சூப் சூடா இருக்கு."

முன்னால் வந்த தடித்த மனிதர் அலறிய அலறல் குடில்வரை கேட்டதாக லடீனா பிற்பாடு சத்தியம் செய்தாள்.

பொதுக்கூடத்தில் நால்வரும் ஈரச் சட்டையோடு சூப்பை ஊதி ஊதிக் குடித்தார்கள். தெயோதுல் அடுப்புப் பக்கச் சுவரில் சாய்ந்து தன் சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டிலியா உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள். "மன்னிச்சுக்கோங்க. இவன் ஒழுங்காத்தான் அடுக்கியிருந்தான். நான்தான் காலையில எல்லாத்தையும் ஒதைச்சிட்டு, இப்ப மறுபடி நிறுத்தினேன். கடைசி ஒண்ணுக்குக் கல்லு இல்ல. தப்பு வழியோடது இல்ல, என்னோடது."

ரெகூலா கரண்டியை வைத்தாள். நகரத்தில் அவளைப் பார்க்க வேண்டுமானால் நாள் குறித்துக்கொண்டு போக வேண்டும். மேலே, பனியாற்றைப் பார்த்த உயரத்தில், யாரும் யாரையும் மரியாதை வைத்துக் கூப்பிடுவதில்லை, எல்லோரும் ஒருமைதான்.

"என்ன புதுசா 'கோங்க'?" என்றாள். "ஊருக்குள்ளயா இருக்கோம்? சரி, எத்தனையை ஒதைச்ச?"

"எண்ணல."

"எண்ணற அளவுக்கு இருந்திருந்தா எண்ணியிருப்ப." தடித்த மனிதர் புரையேறும்வரை சிரித்தார். ரெகூலா சிரிக்கவில்லை. கேக்கை ஒரு துண்டு எடுத்துத் தின்றாள். முழுசாகத் தின்று முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"கல்லை நம்பி ஒரு குடிலைத் திறந்து வைக்க முடியாது" என்றாள் அவள். "யார் கால் வேணும்னாலும் ஒதைக்கும். குடில்காரி காலே ஒதைக்குதுன்னா அப்புறம் என்ன?"

லடீனாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"பாறைமேல பெயிண்ட் அடிக்கணும். வெள்ளை, நீலம், வெள்ளைன்னு பட்டை, கஷ்டமான வழிக்கான அடையாளம். கயிறோட வர்றவங்க மட்டும் வரட்டும். அந்தப் பிரிவுல வலது பக்கத்தை மறிச்சு இரும்புக் கம்பி போடுங்க." மற்ற மூவரையும் பார்த்தாள். மூன்று தலைகளும் ஆடின. "வழி நல்ல வழிதான், தெயோதுல். அந்த இடுக்குல எனக்கே பாடணும் போல இருந்துச்சு. குடில் திறந்திருக்கும்."

லடீனா கரண்டியால் சட்டியை ஓங்கி அடித்தாள். தடித்த மனிதர் மேசையைத் தட்டினார். ஓட்டிலியா பக்கத்திலிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது. ஏப்ரனைத் தேடி இடுப்பைத் தடவினாள். ஏப்ரன் இல்லாததால் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

கூச்சல் அடங்கிய பிறகுதான் தெயோதுல் சுவரிலிருந்து நகர்ந்து வந்தான்.

"அக்கா."

"ம்?"

"இனிமே ஒதைக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேப்பியா?"

ஓட்டிலியா அவனைப் பார்த்தாள். மேசையிலிருந்த காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கால் சட்டி சூப் மிச்சமிருந்த பாத்திரத்தையும் இன்னொரு கையில் தூக்கிக்கொண்டாள். கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.