ஜோஸ்பின் துவைத்த சட்டைகள்

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டபோது, கரியமாணிக்கம் கிராமத்து ஜோஸ்பின் "சும்மா வூட்லதான் சார் இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு பதிலில் எட்டு மாதம் பாழாய்ப் போயிற்று.

சும்மா இருந்தாளாம்! மூன்று பிள்ளைகள், இரண்டு மாடுகள், படுத்த படுக்கையாக ஒரு மாமியார். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சீட்டு எழுதுகிறவரும் 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். இல்லத்தரசிக்கு இருமலும் நெஞ்சில் நீரும் என்றால் டிபியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். சளியில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகும் ஆறு மாதம் மாத்திரை விழுங்கினாள். நீரை எடுக்க எடுக்கத் திரும்பவும் சேர்ந்தது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர் சதை எடுத்துச் சோதித்து, மீசோதீலியோமா என்றார். நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் கல்நார்த் தூசியால் வருவது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் மூச்சோடு உள்ளே போய்த் தங்கிவிடும்; நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகுமாம்.

"கல்நார்னா இன்னா டாக்டர்?"

"கூரைக்குப் போடுற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுல கலக்கிறதுமா."

ஜோஸ்பின் பக்கத்தில் நின்ற கணவனைப் பார்த்தாள். ஆண்டனி இருபத்தாறு வருஷம் ஷீட் கம்பெனியில் கல்நார் மூட்டை பிரித்துக் கொட்டியவர். டாக்டரம்மாவும் அவரைப் பார்த்தார். "இவரோட துணியெல்லாம் யாரு துவைச்சது?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

தினமும் அவர் கழற்றிப் போடும் சட்டையை அவள்தான் எடுப்பாள். அப்படியே நனைத்தால் தூசி மாவு மாதிரி அப்பிக்கொள்ளும் என்று, முதலில் தோட்டத்தில் நின்று நாலு உதறு உதறுவாள். வெயிலில் பொடி மினுக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு துவைக்க உட்காருவாள். கம்பெனி வருஷா வருஷம் ஆண்டனிக்குத்தான் எக்ஸ்ரே எடுத்தது. அவர் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. அதை நினைத்தால் அவளுக்கு எரிச்சலாக வந்தது. புருஷன் நன்றாக இருப்பதற்கு எரிச்சல்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

நோய் என்னவென்று எழுதித் தர டாக்டரம்மா தயார். ஆனால் எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்கக் கம்பெனி கடிதம் வேண்டுமாம். ஜோஸ்பினுக்கு வேண்டியதும் அந்த ஒரு வரிதான்: இந்தத் தூசியால் இவளுக்கு இது வந்தது. சாவதற்குள் யாராவது அதை ஒரு காகிதத்தில் எழுதித் தர வேண்டும்.

கம்பெனி ஆபீசர் கம்ப்யூட்டரில் தேடினார். "உங்க பேரு எங்க லிஸ்ட்ல இல்லியேமா. கேட்டுக்குள்ளயே வராதவங்களுக்கு நாங்க எப்படி லெட்டர் தர்றது?"

ஜோஸ்பின் ஆண்டனியின் பையிலிருந்து பழைய சம்பளச் சீட்டு ஒன்றை உருவி மேசையில் வைத்தாள். விரலால் ஒரு வரியைக் காட்டினாள். "வாஷிங் அலவன்ஸுனு போட்டுக்குது. துவைக்கத்தான குடுத்தீங்க? யாரு துவைப்பாங்கனு நெனச்சீங்க?"

"அது அவருக்குக் குடுத்ததுமா."

"காசு அவருக்கு, தூசி எனக்கா?"

ஆபீசர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போடச் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது ஷிப்ட் விட்டிருந்தது. சாம்பல் பூத்த சட்டைகளோடு ஆட்கள் வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். "வா ஜோஸ்பின், பஸ்ஸு போயிடும்" என்றார் ஆண்டனி. அவள் அசையவில்லை. கேட்டுக்கு நேராகப் போய் நின்று, முதலில் வந்த வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"தம்பி, இந்தச் சட்டைய யாரு துவைக்கிறது?"

"இன்னாக்கா, எதுக்கு? எங்க வூட்டுக்காரிதான் துவைக்கும்."

"இத வூட்டுக்கு எடுத்துனு போவாத. நான் உதறித்தான் துவைச்சேன். இருவத்தாறு வருசம்..."

அதற்குமேல் இருமல் விடவில்லை. வாட்ச்மேன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அவள் பிடியை விடவில்லை. அந்த ஆள் தன் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, வண்டியை அணைத்தான்.