பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு கேள்வி

1. காணாமல் போன அத்தியாயம்

படப்பிடிப்புக்கு நான்கு நாள் முன்பு ஸ்கிரிப்ட் கைக்கு வந்தது. அதியமான்கோட்டை லாட்ஜில் உட்கார்ந்து, முதல் பக்கத்தைக்கூடப் படிக்காமல், நாவலின் பதினேழாம் அத்தியாயம் எங்கே என்று தேடினேன். இல்லை. அந்த இடத்தில் ‘சீன் 62. மாதம்மாள் கடை. பகல்’ என்று அரைப் பக்கம் மட்டும் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. ‘மாட்டினாள் டைரக்டர்’ என்று நினைத்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். உதவி இயக்குநர், இணை இயக்குநர் என்று இருபத்தாறு வருடம் ஓட்டியவன் நான். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். மொரப்பூரில் துணிக்கடை நடத்தும் நசீமா எழுதிய நாவல் அது. தொப்பூர் கணவாயில் இட்லிக் கடை வைத்திருக்கும் மாதம்மாளின் கணவன் லாரி மோதிச் சாகிறான். இரண்டு வருடம் கழித்து அதே டிரைவர் அவள் கடையில் சாப்பிட உட்காருகிறான். உட்கார்ந்த பிறகுதான் இருவருக்கும் யார் யாரென்று தெரிகிறது. அவனுக்குச் சோறு போடுவதா என்று அவள் யோசிப்பதுதான் அந்த அத்தியாயம். பன்னிரண்டு பக்கம்.

அதை நான் ஆறு தடவை திரைக்கதையாக எழுதினேன். பன்னிரண்டு பக்கத்தையும் அவள் குரலிலேயே வாய்ஸ் ஓவராக வைத்திருந்தேன். ஒரு வரியை விடவும் மனம் வரவில்லை. “நல்லாருக்கு சார், ஆனா படமா இல்லையே” என்றார்கள் தயாரிப்பாளர்கள்.

நான் வேலை பழக்கிய சென்னைப் பெண் நிவேதாவுக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தவனும் நான்தான். அவள் தன் முதல் படத்துக்கு அதன் உரிமையை வாங்கிவிட்டு எனக்கு போன் செய்தாள். “அண்ணா, உங்க ஊரு. நீங்க கோ-டைரக்டரா வந்தாத்தான் எனக்கு தைரியம்.” சிரித்துக்கொண்டே சரி என்றேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2. மொரப்பூர் போனது

லொகேஷன் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு மொரப்பூருக்கு பஸ் ஏறினேன். நசீமா துணி அளந்துகொண்டிருந்தார்.

“பதினேழாவது அத்தியாயத்தையே எடுத்துட்டாங்க. உங்ககிட்ட சொன்னாங்களா?”

அவர் கை நின்றுவிட்டது. “என்னங்க சொல்றீங்க? அதுக்காவத்தானுங்க அந்தப் புத்தகத்தையே எழுதுனேன்.”

“எனக்கு மனசு கேக்கலைங்க. அதான் சொல்ல வந்தேன்” என்றேன்.

அது பொய். என் மனசு குளிர்ந்துபோயிருந்தது.

3. சீன் 62

தொப்பூரில் சாலையோரம் கடை செட் போட்டிருந்தோம். சீன் 62 எடுக்க வேண்டிய காலையில் நசீமா வந்து இறங்கினார். மொத்த யூனிட்டும் பார்க்க நிவேதாவிடம் போனார்.

“எம் பன்னெண்டு பக்கம் எங்கங்க? அதில்லாம எடுக்கறதுன்னா எம் பேர எடுத்துருங்க. இது எங்கதை இல்லன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.”

நிவேதாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் வாதாடவில்லை. “ஒரே ஒரு ரிகர்சல் பாருங்க மேடம். அப்பவும் பிடிக்கலன்னா இன்னிக்கு ஷூட் இல்ல.”

மூவரும் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தோம்.

கடை நிறைய ஆட்கள். மாதம்மாள் ஒவ்வொருவர் முன்பும் நின்று, “இன்னும் ரெண்டு வெக்கட்டுங்களா?” என்று கேட்டுக்கொண்டே வருகிறாள். டிரைவர் இரண்டு இட்லியையும் தின்று முடித்துவிட்டான். அவனை மட்டும் கேட்காமல் தாண்டிப் போகிறாள். அடுத்த ஆளைக் கேட்கிறாள். திரும்பி வரும்போதும் தாண்டுகிறாள். அவனால் வேண்டும் என்று கேட்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. கை காய, காலி இலையைப் பார்த்தபடி இருக்கிறான். மூன்றாவது முறை அவன் முன்னால் நிற்கிறாள். முகத்தைப் பார்க்கிறாள்.

“இன்னும் ரெண்டு வெக்கட்டுங்களா?”

அவ்வளவுதான். பன்னிரண்டு பக்கமும் அதில் இருந்தது. அது என் ஊர்க் கேள்வி. ஆயிரம் தடவையாவது என்னிடம் கேட்டிருப்பார்கள். என் காதில் விழாதது சென்னையிலிருந்து வந்தவள் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

நசீமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மூஞ்சியப் பாத்துக் கேக்க மாட்டாளுங்க அவ. எலையப் பாத்துத்தான் கேப்பா.”

நிவேதா உடனே நடிகையிடம் போய் அதைச் சொன்னாள். அவள் திரும்பி வந்ததும் நசீமா என்னைக் காட்டி, “இவருக்குத்தானுங்க நன்றி சொல்லணும். கடைக்கே வந்து சொன்னாரு. இல்லன்னா நான் வந்தே இருக்க மாட்டேன்” என்றார்.

நிவேதா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். “டேக் போலாம்ணா” என்றாள்.

4. பதில்

மதியச் சாப்பாட்டில் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். “ஏண்ணா?”

வேறு வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை. “பொறாமை.”

“எங்கிட்ட சண்டை போட்டிருக்கலாமே. அவங்க மனச எதுக்கு நோகடிச்சீங்க?”

கடைசி நாள் வரை எனக்கு மரியாதை குறைக்கவில்லை. அடுத்த படத்துக்குக் கூப்பிடவில்லை. அது நியாயம்.

படம் முடிந்ததும் மொரப்பூர் போய் நசீமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்குங்க? நல்லதுதான பண்ணீங்க” என்றார். நல்லதில்லை என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். வரச் சொல்லியிருந்த டீ வந்தது. அவர் ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

புத்தகத்தைப் படமாக்க வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். ஒருத்தியின் மனசை எழுத்தாளர் பக்கம் பக்கமாக எழுதலாம். நீங்கள், அந்த மனசோடு அவள் என்ன செய்வாள், யாரிடம் எதைக் கேட்காமல் போவாள் என்று பாருங்கள். வரிகளைக் காப்பாற்றப் போய் நான் மாதம்மாளைப் பார்க்கவே இல்லை.

பொறாமை வராமல் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. வந்தால், யார்மேல் வந்ததோ அவரிடமே நேராகப் போய்ச் சண்டை போடுங்கள். எனக்கு நிவேதாமேல் அது இன்னும் போகவில்லை. அவள் படத்தை நாலு தடவை டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டேன்.