மிளகுக்கு மறுவீடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு வீட்டு ஹாலில், ஒரு ஸ்டீல் தட்டு கீழே விழுவதற்காக நாங்கள் ஐந்தாறு குடும்பங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

தட்டைப் பிடித்திருந்தவர் ஸ்டெல்லா டீச்சர். ரிட்டயர் ஆன பள்ளி ஆசிரியை, லாப்ரடார் வளர்ப்பவர். தட்டு விழுவதைக் கேட்க வேண்டியவன் மிளகு — டீச்சர் வீட்டில் பிறந்து எங்கள் வீட்டுக்கு வந்த கறுப்புக் குட்டி. பயந்து நடுங்கினால் டீச்சரே அவனைத் திரும்ப எடுத்துக்கொள்வார். அதுதான் பேச்சு.

நான் சாதாரணமாக நிற்பதுபோல நின்றேன். என் மனைவி சாரதா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். 'பிடித்திருந்தாள்' என்பது நாகரிகம் கருதிச் சொல்வது. நகம் பதிந்த இடம் இன்னும் இருக்கிறது.

ஒரு தட்டுக்கு இவ்வளவு பதற்றமா? இருங்கள், சொல்கிறேன்.

மகள் வேலைக்காகப் புனேவுக்குப் போன பிறகு ஜீவனஹள்ளியில் எங்கள் ஃப்ளாட் ரொம்ப அமைதியாகிவிட்டது. எழுதுகிறவனுக்கு அமைதி பெரிய வரம் என்பார்கள். அந்த அமைதியில் நான் எழுதியவற்றை நீங்கள்தான் வாராவாரம் படித்தீர்கள்... அதனால் அந்தப் பேச்சு வேண்டாம். சாரதாவுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சமையலறையில் தனியாகப் பேச ஆரம்பித்தாள். யாரிடம் என்றால் குக்கரிடம். என்னிடம் பேசலாமே என்றேன். குக்கராவது பதிலுக்கு விசில் அடிக்கிறது என்றாள்.

நாய்க்குட்டி வாங்குவது என்று முடிவானது.

நான் எதையும் படித்துவிட்டுச் செய்கிற ஆள். ஃபிரிட்ஜ் வாங்குவதற்கு முன் நான் படித்து முடிப்பதற்குள் அந்த மாடலே மார்க்கெட்டில் இல்லாமல் போய்விட்டது. ஆனால் நாய் விஷயத்தில் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. போனில் ஒரு விளம்பரம் வந்தது. சோபாவில் ஒரு குட்டி, பக்கத்தில் கரடி பொம்மை. நம்பரை அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். வீட்டுக்கெல்லாம் எதற்கு, ஒக்கலிபுரம் பாலத்துக்குக் கீழே வந்து நின்றால் கொண்டுவந்து கொடுத்துவிடுவதாகச் சொன்னார் அந்த நபர். தாய் நாயைப் பார்க்க முடியுமா என்றேன்.

"அம்மா ஊருக்குப் போயிருக்குது சார்."

வாசகர்களே, உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பதிலில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. பெங்களூரில் லாங் வீக்கெண்ட் வந்தால் எல்லோரும்தான் ஊருக்குப் போகிறார்கள். குட்டிக்கு எத்தனை வாரம் ஆகிறது என்ற அடுத்த கேள்விக்குப் போனேன்.

"உங்களுக்கு எவ்ளோ வேணும் சார்?"

சாரதா என் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டாள்.

அவள் தேடிய வழி வேறு. சர்ச் ரோட்டோரம் ஒரு கிழட்டு லாப்ரடாரை நடத்திக்கொண்டு போன அம்மாளை வழிமறித்தாள். ஆட்டோ ஹாரன் அடிக்கிறது, தெருநாய் குரைக்கிறது, அந்தக் கிழவனோ எதையும் சட்டை செய்யாமல் ஓய்வுபெற்ற நீதிபதி மாதிரி நடந்துகொண்டிருந்தான். இது எங்கே வாங்கியது என்று கேட்டாள். அப்படிக் கிடைத்தவர்தான் ஸ்டெல்லா டீச்சர். அவரிடம் குட்டி கையிருப்பில் இல்லை. எப்போது பிறக்குமோ அப்போதுதான். சில மாதம் காத்திருந்தோம்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம் என்ற நினைப்பில், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை வீட்டார் மிடுக்கோடு போனோம். காபி வந்தது. அச்சு முறுக்கு வந்தது. கூடவே கேள்விகள் வந்தன. எத்தனையாவது மாடி? லிஃப்ட் உண்டா? தீபாவளிக்கு ஊருக்குப் போனால் நாய் யாரிடம் இருக்கும்? மகள் திரும்பி வந்து எனக்கு அலர்ஜி என்றால் யார் வெளியே போவார்கள்? அப்போதுதான் புரிந்தது — மாப்பிள்ளை வீட்டார் அவர்கள். காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நமஸ்காரம் பண்ண வேண்டியவர்கள் நாங்கள்.

என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன்.

"அப்போ பகல் பூரா வீட்ல சும்மாதான் இருப்பீங்க. நல்லது."

என் தொழிலுக்காக ஒருவர் எனக்கு மார்க் போட்டது அதுவே முதல்முறை.

தாய் ஊருக்கெல்லாம் போகவில்லை. ஹாலிலேயே இருந்தது. எங்கள் இருவரையும் நிதானமாக மோந்து பார்த்துவிட்டு, டீச்சரைப் பார்த்து வாலாட்டியது. அனுமதி கொடுத்ததாக நான் எடுத்துக்கொண்டேன். டீச்சர் அதன் இடுப்பு எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இந்த ஜாதிக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருமாம். எலும்பு சரியாக இல்லாத தாயை இனச்சேர்க்கைக்கே விடமாட்டாராம். என் இடுப்பை இதுவரை யாரும் எக்ஸ்ரே எடுத்ததில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.

குட்டிகள் எங்கோ கூண்டில் இல்லை. அதே ஹாலில், டிவிக்கும் மிக்ஸிக்கும் நடுவில் கிடந்தன. சர்ச் மணி அடித்தது. ஒரு குட்டி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்கியது. எட்டு வாரம் தாயோடு இருந்த பிறகுதான் டீச்சர் வெளியே அனுப்புவார்.

அனுப்பும்போது இரண்டு நிபந்தனை. ஒன்று, மூன்று மாதம் ஆகும்வரை தினமும் அவனுக்குப் புதிதாக எதையாவது காட்ட வேண்டும் — புது ஆள், புதுச் சத்தம், புதுத் தரை. ஊசி முடியாததால் தெருவில் இறக்கக் கூடாது. தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். இந்த வயதில் பார்க்காததையெல்லாம் பிற்பாடு பார்த்தால் பயப்படும் என்றார். இரண்டாவதை அவர் வாயாலேயே கேளுங்கள்.

"ஒரு மாசம் கழிச்சு இங்க இட்டுனு வரணும். கல்யாணம் கட்டிக் குடுத்தா மறுவீடு அழைக்கறோம் இல்ல? அதேதான். அண்ணன் தம்பிங்க எல்லாம் வருவாங்க. அப்ப பையன் நடுங்கினு இருந்தான்னா நானே வெச்சுக்குவேன். கோச்சுக்கக் கூடாது."

போனில் ஆப் இறக்கும்போது 'சம்மதம்' என்ற இடத்தை அழுத்துவோமே, அந்த வேகத்தில் தலையாட்டினோம்.

சாரதா கும்பகோணத்துக்காரி. வீட்டுக்குச் சிசு வந்திருக்கிறது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பால்கனிக்குத் திரை போட்டாள். காலிங் பெல்லைப் பிடுங்கினாள். குக்கர் ஓய்வுபெற்றது; சாதம் பானையில் வெந்தது. நான் தும்முவதென்றால் பாத்ரூமுக்குப் போய்த் தும்ம வேண்டும். லிஃப்டில் யாராவது 'குட்டி வாங்கியிருக்கீங்களாமே' என்றால், 'அப்படியா?' என்று அவர்களையே திருப்பிக் கேட்பாள். எல்லாம் கண்ணேறு பயம்.

திருஷ்டிப் பொட்டு வைப்பதில்தான் சிக்கல். பையன் உச்சி முதல் வால்வரை கறுப்பு. மை எங்கே வைப்பது? யோசித்து, நெற்றியில் விபூதி பூசினாள். ஒரு குட்டி மடாதிபதி எங்கள் ஹாலில் உலவத் தொடங்கினார்.

டீச்சர் ஒவ்வொரு சனிக்கிழமையும் போன் செய்வார். நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான் என்று சாரதா சொல்வாள். இரண்டும் உண்மை. உலகத்தில் எத்தனையோ முகங்களைப் பார்க்க வேண்டிய வாரங்களில் மிளகு பார்த்தது இரண்டே முகங்கள். அதில் ஒன்று என்னுடையது. அதை வைத்து மனித இனத்தைப் பற்றி அவன் என்ன முடிவுக்கு வந்திருப்பான்?

கேஸ் சிலிண்டர் வந்த அன்று தெரிந்தது. சிலிண்டரை உருட்டிக்கொண்டு மூன்றாவது மனிதர் உள்ளே வந்தார். மிளகு நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் போனவன் போனவன்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. மறுநாள் குடையைப் பார்த்து ஓடினான். அதற்கடுத்த நாள் நியூஸ்பேப்பரை நான் பிரித்ததற்கு ஓடினான். அதையாவது நியாயம் என்று விட்டுவிடலாம்.

சாரதா அவனை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "நம்மகிட்டேருந்து வாங்கிண்டு போயிடுவாங்களா?" என்றாள். மாதத்தில் பாதி முடிந்திருந்தது.

இந்த ஊரில் பாடம் பாக்கியிருந்தால் என்ன செய்வார்கள்? கிராஷ் கோர்ஸ். நானும் அதைத்தான் செய்தேன். மிளகைத் துணிப்பையில் உட்கார வைத்து, சாயங்காலம் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிப் போனேன். ஹாரன், மைக், கூட்டம், பிரியாணிப் புகை... மொத்த சிலபஸும் ஒரே இடத்தில்! அவன் கத்தவில்லை, அசையவில்லை. பையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு சிலைபோல் இருந்தான். பிறவி ஞானி என்று நினைத்தேன். பையன் டிஸ்டிங்ஷன் என்று வீட்டில் வந்து அறிவித்தேன்.

அன்று அவன் சாப்பிடவில்லை. மறுநாள் துணிப்பையைக் கண்டு ஓடினான். பையைப் பிடித்திருந்த என்னையும் கண்டு ஓடினான். வீட்டில் அவனுக்குத் தெரிந்த முகம் இப்போது ஒன்றாகிவிட்டது.

சாரதாவே டீச்சருக்குப் போன் செய்தாள். திரை, பெல், விபூதி, பஸ் ஸ்டாண்ட் என்று எதையும் விடாமல் சொன்னாள். திட்டு விழும் என்று நான் பால்கனிப் பக்கம் நகர்ந்தேன். ஸ்பீக்கரில் நிதானமாகத்தான் குரல் வந்தது.

"சத்தம் போடலன்னா தைரியம்னு நெனச்சுட்டாரா சாரு? கிளாஸ்லயும் அப்டித்தாம்மா. ரொம்ப பயந்த புள்ளதான் வாயே தொறக்காது." பிறகு வழியும் சொன்னார்: "தூரமா உக்காந்து பாக்க வுடுங்க. அவனுக்கா தோணுச்சுன்னா கிட்ட வருவான். இழுக்காதீங்க."

அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் அபார்ட்மென்ட் கேட்டுக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் சாரதா, மடியில் மிளகு, பக்கத்தில் ஒரு டப்பா நிறையப் பனீர்த் துண்டுகள். போகிற வருகிறவர்களிடம் சொல்வாள்: தொட வேண்டாம், தூக்க வேண்டாம், ஒரு துண்டைக் கையில் நீட்டிவிட்டுப் போங்கள். யார் கண்ணும் படக் கூடாது என்று திரை போட்டவள், இப்போது வழியில் போகிற கண்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினாள். தாடி வைத்த கீழ்வீட்டு பாய் வந்தார். மூன்றாம் மாடி கன்னட மாமி "கச்சுத்தா?" என்று கேட்டபடி வந்தார். சாரதாவுக்குக் கன்னடம் அரைகுறை. கடிக்காது என்று தமிழில் சொல்லிப் பனீரை நீட்டினாள், மாமிக்குப் புரிந்தது. ஹெல்மெட் போட்ட டெலிவரிக்காரர் ஒருவர், எங்களுக்கு ஆர்டர் இல்லாத நாட்களிலும் ஹெல்மெட்டோடு நின்றுவிட்டுப் போனார்.

எனக்கும் ஒரு வேலை கொடுக்கப்பட்டது. தூரத்தில் நின்று குடையைத் திறப்பது. மூடுவது. பிறகு ஓர் அடி கிட்டே வந்து மறுபடி திறப்பது. மழையே இல்லாத சாயங்காலங்களில் ஜீவனஹள்ளியில் ஒரு நடுத்தர வயது மனிதர் குடையைத் திறந்து மூடிக்கொண்டிருந்ததை உங்களில் யாராவது பார்த்திருந்தால்... நன்றாகத்தான் இருக்கிறேன். நன்றி.

இதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. இத்தனை வருடம் லிஃப்டில் எண்களையே பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, கூட நின்றவர்களின் பெயர்கள் தெரியவந்தன. அவர்களுக்கும் என் முகம் பழகிவிட்டது. பனீர்தான் யாரும் தரவில்லை.

இப்படியாக மறுவீடு வந்தது.

அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஆஜர். ஒருவன் கழுத்தில் போ டை கட்டியிருந்தான். இன்னொருவன் டீச்சரின் செருப்பைத் தூக்கிக்கொண்டு சோபாவைச் சுற்றினான். மிளகு நடுவில் நின்று அம்மாவின் காதை மோந்துகொண்டிருந்தான். டீச்சர் தட்டை விட்டார்.

மொசைக் தரையில் ஸ்டீல் தட்டு விழுந்து சுழலும் சத்தம் உங்களுக்குத் தெரியும். மிளகு துள்ளினான். கால்கள் வழுக்க ஓடி, சோபாவுக்கு அடியில் மறைந்தான்.

என் முழங்கையிலிருந்து சாரதாவின் கை விழுந்துவிட்டது. அவள் ஓரடி எடுத்து வைத்தாள்.

"யாரும் கூப்பிடாதீங்க" என்றார் டீச்சர்.

தட்டு சுழன்று அடங்கியது. சோபாவின் கீழே ஒரு மூக்கு தெரிந்தது. அப்புறம் ஒரு தலை. வயிற்றைத் தரையோடு வைத்து, ஊர்ந்தும் நின்றும், அவன் தட்டுவரை வந்தான். மோந்தான். பனீர் இருக்கிறதா என்று நக்கினான். தட்டு லேசாகக் கிணுங்கியது. பின்வாங்கினான். பிறகு ஒரு முன்னங்காலைத் தூக்கித் தட்டின்மேல் வைத்து, எங்களைப் பார்த்தான்.

"பயப்படாத நாய் எங்கம்மா கீது?" என்றார் டீச்சர், சாரதாவைப் பார்த்து. "ஓடுனவன் அவனா திரும்பி வரானான்னுதான் பாத்தேன். இட்டுனு போங்க."

சாரதா புடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மிளகு போய் மடியில் ஏறினான்.

வீட்டுக்கு வரும் ஆட்டோவில் எனக்கு ஒரே யோசனை. சின்ன வயதில் நமக்கெல்லாம் ஏதோ ஒரு தட்டு விழுந்திருக்கிறது. கணக்கு வாத்தியாரின் ஸ்கேல், நீச்சல் குளத்தின் முதல் முழுக்கு, மேடையில் மறந்துபோன இரண்டாவது வரி. ஓடி ஒளிந்ததில் தப்பே இல்லை. ஆனால் எத்தனை பேர் இன்னும் சோபாவுக்கு அடியிலேயே இருந்துகொண்டு, அதற்கு 'என் சுபாவமே இப்படித்தான்' என்று பெயர் வைத்திருக்கிறோம்? எனக்குத் தெரிந்து ஒருவர் அங்கிருந்தபடி வாராவாரம் பத்தி எழுதுகிறார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாரதா நேராகச் சமையலறைக்குப் போனாள். எத்தனை பேர் கண் பட்டதோ என்று உப்பும் மிளகாயும் எடுத்து வந்தாள். மிளகுக்குச் சுற்றிவிட்டு, அவற்றை அடுப்பில் போட்டாள். நெடி வந்தால் திருஷ்டி இல்லை என்று அர்த்தமாம். உப்பு படபடவென்று வெடித்தது. நெடி, அடடா, தாராளமாக வந்தது.

மிளகு கட்டிலுக்கு அடியில் ஓடினான். கொஞ்சம் பொறுத்து மூக்கு வந்தது. தலை வந்தது. சமையலறை வாசல்வரை வந்து, ஒரு தும்மல் போட்டுவிட்டு, என்னதான் நடக்கிறது என்று உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினான்.

இதையெல்லாம் நான் பால்கனியிலிருந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். திரும்பி வர எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.