அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி

கொடகவெல டவுனில் நான் வேலை பார்த்த, போனும் இணையமும் உள்ள கொமியுனிகேஷன் கடையில் சும்மா கிடந்த நேரத்தில் ஒரு கருத்துக்களம் தொடங்கினேன். எங்கள் ரப்பர் தோட்டங்களிலிருந்து வெளிநாடு போனவர்கள் இணையத்தில் எழுதிப் பேசிக்கொள்ள ஓர் இடம். மென்பொருள் இலவசம். கடை முதலாளியை நாங்கள் நானா என்போம். கரண்ட் பில் கூடினால் மட்டும் முறைப்பார். அரபு நாட்டில் வீட்டு வேலை செய்த அக்கா, வீட்டுக்காரி வெளியே போன நேரம் பார்த்துப் பிள்ளைகளின் கணினியில் உட்கார்ந்து எழுதுவாள். ரப்பர் பால் வெட்டி முடித்து அம்மா கடைக்கு வருவாள். நான் வாசிக்க வாசிக்க, பால் காய்ந்து ஒட்டிய விரலால் அக்காவின் பெயரைத் தொட்டுப் பார்ப்பாள். திரையைத் துடைப்பது என் வேலை.

பிறகு அக்கா பெட்டியில் வந்தாள். சீல் வைத்த பெட்டி. திறக்கக்கூடாது என்று கூட வந்தவர்கள் சிங்களத்தில் சொன்னார்கள். எங்களுக்குத்தான் சிங்களம் நன்றாகத் தெரியுமே, புரியாததுபோல் நடிக்கக்கூட முடியவில்லை. அப்படியே புதைத்தோம். அம்மா அழவில்லை. முகத்தைப் பார்க்காமல் எப்படி நம்புவது என்றாள். கல்லறைத் திருநாளுக்கு எங்கள் லயத்து வீடுகளில் உள்ள எல்லாரும் மெழுகுதிரியோடு போவார்கள், அவள் மட்டும் போகமாட்டாள். யாரோ பெற்ற பிள்ளைக்கு நான் ஏன் கொளுத்த வேண்டும் என்பாள். சனம் கண்டபடி பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

களத்தில் அக்காவின் பெயரை நான் அழிக்கவில்லை. மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு காலை கடையைத் திறந்து களத்துக்குள் போனால், அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. ஆள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். கீழே அவள் பெயரில் புதிதாக ஆங்கிலத்தில் ஒரு வரி: 'என் படம், பாருங்கள்.' அதன் கீழே, சொடுக்கினால் திறக்கும் ஒரு தொடுப்பு. நானாவைக் கூப்பிட எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தேன்.

அப்புறம்தான் பார்த்தேன், எல்லார் பெயரிலும் அதே வரி, அதே புள்ளி. கணினிப் புழு. மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. அந்தப் புழு தேடுபொறியில் தேடி, அதே ஓட்டை உள்ள களங்களுக்குள் நுழைந்து, உறுப்பினர்கள் பெயரிலெல்லாம் எழுதிவிட்டு அடுத்த களத்துக்குப் போகுமாம். செத்தவர், இருப்பவர் என்ற வித்தியாசம் அதற்கு இல்லை. அதைச் செய்து விட்டவன் அன்று கையில் கிடைத்திருந்தால் அடித்தே கொன்றிருப்பேன்.

அதை அழிப்பதற்குள் அம்மா வந்துவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, பச்சைப் புள்ளி தெரியும். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். பொய் சொல்லத் தோன்றவில்லை, சொன்னேன்.

"அப்ப தொற. மொகத்த பாக்கணும்."

அதைத் திறப்பது வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை, கடைக் கணினியும் கெட்டுப்போகும் என்று புழுவைப் பற்றி விளக்கினேன்.

"அன்னைக்கும் தொறக்க வேணாம்னாங்க. இன்னைக்கு நீயும் அதையே சொல்ற."

என் பெயரைத் தேடி எடுத்துக் காட்டினேன். அதே வரி, அதே பச்சைப் புள்ளி. இதை நான் எழுதவில்லை என்றேன். அம்மா இரண்டு பெயரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ எழுதலன்னா அவளும் எழுதல."

"அவ எழுதலம்மா."

"அப்ப பொட்டியில வந்தது எம் புள்ளதான்."

போட்டோ கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து, பெட்டி வந்த அன்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். நானா வெளியே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு அம்மாவே மெழுகுதிரி வாங்கினாள். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் விடவில்லை.

களத்தைத் துப்புரவாக்கியபோது, அக்காவின் பெயரில் வந்த அந்த வரியை மட்டும் தொடுப்போடு தனியே எடுத்து வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். களம் மூடிப் பல காலம் கழித்து, அண்மையில் ஒருநாள் அதைச் சொடுக்கினேன். இப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது. வேறென்ன வரும்? புழுவைப் பற்றி அம்மாவுக்கு அவ்வளவு விளக்கியவன் நான். ஆனாலும் அது வருவதற்கு முன்னால், திரை வெறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம், அக்காவின் முகம் வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.