வேன்காரம்மா ஒப்படைத்த கை

என் அண்ணிக்குத் தெருவில் வைத்த பெயர் வேன்காரம்மா. வீட்டுக்கு வந்த மருமகள் வேன் ஓட்டுகிறாள் என்று சொந்தக்காரர்கள் முதலில் மூக்கில் விரல் வைத்தார்கள். அண்ணி அசரவில்லை. "உங்க அண்ணனுக்கு கியர் போடத் தெரியாது, எனக்கு ஒழுங்கா சமைக்கத் தெரியாது. அவர் சமைக்கிறார், நான் ஓட்டுறேன். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்பார். வாரநாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சனிக்கிழமை எங்கள் சபையின் பாட்டுப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூல். கதவோரம் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை.

வாசலில் இறக்கிவிட்டு ஹாரன் அடித்துவிட்டுப் போகிற ரகம் இல்லை அண்ணி. கதவு திறக்க வேண்டும், பெரியவர் ஒருவர் வெளியே வர வேண்டும், பிள்ளையின் கை அவர் கைக்குப் போக வேண்டும். அதுவரை பின்னால் எத்தனை வண்டி அலறினாலும் காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒருமுறை ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து சத்தம் போட்டார். "அண்ணே, உங்க லோடை நடுரோட்டுல கொட்டிட்டுப் போவீங்களா? என் லோடுக்கு மட்டும் என்ன அவசரம்?" என்றார் அண்ணி. லாரிக்காரர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

கையில் கொடுத்துவிட்டால் அண்ணிக்கு நிம்மதி. அப்புறம் திரும்பிப் பார்க்க மாட்டார். அந்த நல்ல பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

எங்கள் வண்டியில் ஒரு சிறுமி வந்தாள். ஏறியதிலிருந்து இறங்குவதுவரை பாடிக்கொண்டே வருவாள் என்பதால் நாங்கள் அவளை ரேடியோ என்போம். பாட்டு மாஸ்டருக்கு அவள்தான் செல்லம். நாங்களும் அதைப் பெருமையாகத்தான் நினைத்தோம்.

பாஸ்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் கேலி பேசிய காலத்தில் சபை வண்டி வேலையை அண்ணிக்குக் கொடுத்தவர் அவர். போன வருஷம் பிள்ளைகளோடு புழங்குகிற எல்லாரையும் கூட்டி, பிள்ளைகளைப் பாதுகாப்பது எப்படி என்று ஒரு நாள் முழுக்கப் பேசினார். "ஒரு பிள்ளை உங்ககிட்ட எதையாவது சொன்னா நேரா என்கிட்ட வாங்க. பெத்தவங்ககிட்டயும் போலீஸ்கிட்டயும் கொண்டு போறது என் பொறுப்பு" என்றார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை ரேடியோ பாடவில்லை. கடைசி சீட்டை விட்டு, அண்ணிக்கு நேர் பின்னால் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். அடுத்த சனிக்கிழமை சபை வாசலில் மற்ற பிள்ளைகள் இறங்கிய பின்னும் அவள் இறங்கவில்லை. அண்ணி இன்ஜினை அணைத்தார்.

"என்ன ரேடியோ, பேட்டரி தீந்துபோச்சா?"

அவள் சிரிக்கவில்லை. "மாஸ்டர் எனக்கு மட்டும் தனியா சொல்லித் தர்றேன்னு மேல ரூமுக்குக் கூட்டிட்டுப் போறாரு ஆன்ட்டி. கதவைப் பூட்டிட்டு என்மேல கை வைக்கிறாரு. எனக்குப் பிடிக்கல. சொன்னா அம்மாவை சபையை விட்டே அனுப்பிடுவாங்களாம்."

அண்ணி குரலை உயர்த்தவில்லை. "நீ ஒரு தப்பும் பண்ணல கண்ணு. சொன்னது ரொம்ப நல்லது. இனிமே அந்த ஆள் எந்தப் பிள்ளை பக்கமும் வர மாட்டான். நான் பாத்துக்கறேன்."

ரேடியோவை என்னோடு வண்டியிலேயே விட்டுவிட்டு பாஸ்டரிடம் போனார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. அவள் அம்மாவிடம் பாஸ்டரே பேசுவாராம், போலீசுக்கும் அவரே போவாராம், கேஸ் கெட்டுவிடக் கூடாது என்பதால் அதுவரை நாங்கள் வாயைத் திறக்கக் கூடாதாம். "ஒப்படைச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அதற்கடுத்த சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி இல்லை என்று தகவல் வந்தது. விஷயம் நடக்கிறது என்று நம்பினோம். மறுநாள் ஆராதனை முடிவில் பாஸ்டர் மைக்கைப் பிடித்தார். பாட்டு மாஸ்டருக்கு ஆண்டவர் பெரிய ஊழியத்தைக் கொடுத்திருக்கிறாராம், பக்கத்து ஊரில் உள்ள கிளைச் சபைக்குப் போகிறாராம். கேக் வெட்டினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் ரேடியோவின் அம்மாவும் தட்டினாள்.

அண்ணியின் விரல்கள் என் முழங்கையை இறுக்கின. அந்த அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது.

அண்ணி பாஸ்டரின் அலுவலக அறைக்குப் போக, நானும் கூடவே போனேன். பாஸ்டர் எங்களை உட்காரச் சொன்னார். "மாஸ்டர் முட்டி போட்டு அழுதுட்டார் சிஸ்டர். மன்னிக்கிறதுதானே நம்ம வேலை? அந்தப் பொண்ணு பேரும் கெட்டுப்போகக் கூடாது பாருங்க."

"அங்கயும் பிள்ளைங்க இருக்காங்களே பாஸ்டர்?"

"அங்க இருக்கறவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லியாச்சு. கவனமா இருப்பாங்க." பிறகு கொஞ்சமும் கூசாமல் கேட்டார்: "அவரோட சாமானெல்லாம் இன்னிக்கே போகணும். உங்க வண்டிதான் பெருசு."

"நானே ஓட்டிட்டுப் போறேன்" என்றார் அண்ணி.

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "உங்களுக்கு என்ன பைத்தியமா அண்ணி?"

"சொல்லியாச்சுங்கறார்ல. அதை நான் கண்ணால பாக்கணும்." இவ்வளவுக்குப் பிறகும் அவருக்குள் எங்கோ ஒரு மூலையில் அந்த மனுஷன்மேல் நம்பிக்கை மிச்சம் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் எழுத முடியாது.

மாஸ்டர் கீபோர்டையும் பெட்டிகளையும் ஏற்றிவிட்டு, ரேடியோ வழக்கமாக உட்காரும் கடைசி சீட்டில் சாய்ந்துகொண்டார். வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கிளைச் சபையின் படிகளில் பிள்ளைகள் தாங்களே செய்த காகிதப் பூக்களோடு வரிசையாக நின்றார்கள். சண்டே ஸ்கூல் டீச்சர், ஓர் இளம்பெண், ஓடி வந்தாள். அண்ணி இறங்கிக் கேட்டார்: "எங்க பாஸ்டர் இவரைப் பத்தி உங்ககிட்ட என்ன சொன்னாருங்க?"

"குழந்தைங்கன்னா உயிரையே விடுவாராமே! ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியா உக்கார வெச்சு சொல்லிக் குடுப்பாராம். நாங்க குடுத்து வெச்சிருக்கணும்க்கா."

அண்ணி வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

"பிள்ளைங்களை உள்ள அனுப்பும்மா" என்றார். அவர்கள் போனதும் குரல் உயர்ந்தது. "எங்க சபையில ஒரு குழந்தைமேல கை வெச்சவன் இவன். உங்ககிட்ட மறைச்சுட்டாங்க. ஒரு பிள்ளையையும் இவன் பக்கத்துல விடாத."

வண்டிக்குள் முணுமுணுப்பு நின்றது. "சிஸ்டர், அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம்..." என்றார் மாஸ்டர். டீச்சருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டு, பெற்றோர்களுக்கு போன் போடத் தொடங்கினாள். அண்ணி தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு லோடை நடுரோட்டில் இறக்கினார். மாஸ்டர், பெட்டி, கீபோர்டு எல்லாம் அங்கேயே நின்றன.

நேராக ரேடியோவின் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மாவைத் தனியே அழைத்து, அண்ணி ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அம்மா அழவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு வாரம் ஆச்சு."

"பாஸ்டர்கிட்ட சொல்லத் தெரிஞ்சுதே, எனக்குச் சொல்லத் தோணலையா? நான்தானே பெத்தவ? இன்னிக்குக் காலையில அந்த ஆளுக்குக் கை தட்டிட்டு வந்திருக்கேனே நான்!"

"'மன்னிச்சுக்கோங்க'ன்னு கேக்கக்கூட எனக்கு வாயில்ல" என்று அண்ணி பிறகு என்னிடம் சொன்னார். அந்த அம்மா உள்ளே போய் மகளைக் கூட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு வந்து வண்டியில் ஏறினாள். "போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுங்க."

வழி நெடுக அண்ணியின் போன் அடித்தது. பாஸ்டர்தான். ஒவ்வொரு தடவையும் நான் கட் செய்தேன். பின் சீட்டிலிருந்து ரேடியோவின் குரல் வந்தது.

"ஆன்ட்டி, மாஸ்டர் போன இடத்துல பிள்ளைங்க இருப்பாங்கல்ல?"

"இருந்தாங்க கண்ணு. அங்க டீச்சர்கிட்ட சொல்லியாச்சு."

"பாஸ்டர் சொன்னாரா, நீங்க சொன்னீங்களா?"

அண்ணி கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "நானே சொன்னேன்."

ஸ்டேஷன் வாசலில் வண்டி நின்றது. ரேடியோ இறங்கினாள், அவள் கை அம்மாவின் கைக்குப் போனது. வழக்கமாக அதைப் பார்த்ததும் அண்ணி கியரைப் போட்டுவிடுவார். அன்று இன்ஜினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு, அவர்கள் பின்னாலேயே படியேறினார்.